மூன்று மணி வண்டி

“அன்பா ஒரு வார்த்தை சொன்னதுக்கா, அக்கா, இவ்வளவு—”

“அன்பா? எது அன்பு? என்னைத் திருடின்னு நாலு லட்சம் பேருக்கு—”

“திருடின்னு நான் எங்க சொன்னேன்? ஒதுக்கி வைப்பாங்கன்னுதானே—”

“கடையில வேலை பாக்கிறவ, கடைப் பொருளை, வீட்டு ஆளுக்கு ஒதுக்கி வச்சா அதுக்கு வேற என்ன பேரு? பாசமா?”

“கொஞ்சம் என்னைப் பேச விடுங்க—”

“நாலு நாளா நீதானே பேசிக்கிட்டிருக்கே! போனைத் திறந்தா நீ, பக்கத்து வீட்டு ஜன்னல்ல நீ, பஸ்ல முன் சீட்டுக்காரன் கையில நீ. இன்னிக்கு நான் பேசுறேன், நீ கேளு.”

காலை ஏழரை மணி. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள், ஒரே அடுப்புக்கு முன்னால் நின்று இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் கையில் கத்தி. வெங்காயம் நறுக்குகிற கத்திதான். ஆனாலும் அது பலகையில் விழுந்த வேகத்தைப் பார்த்து இளையவள் ஓரடி தள்ளியே நின்றாள். பாத்திரம் கவிழ்க்கிற கம்பி அடுக்கை இளையவளின் வட்ட விளக்கு கவ்விக்கொண்டிருந்தது. வீடியோ எடுக்கிற விளக்கு. அதை நகர்த்தாமல் ஒரு தட்டைக்கூட எடுக்க முடியாது. ஆறு மாதமாக மூத்தவள் அதை நகர்த்தி நகர்த்தித்தான் தட்டு எடுக்கிறாள்.

“என்னம்மா அங்க சத்தம்?” என்று கூடத்திலிருந்து மூத்தவளின் கணவர் குரல் கொடுத்தார்.

“சத்தம் இல்ல, சண்டை! நீங்க முட்டியை மடக்காம உக்காருங்க.”

முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று மாதமாக நாற்காலியும் முக்காலியுமாக இருக்கிற மனிதர். இன்னும் ஒரு வருஷத்துக்கு வேலையைப் பற்றி நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, மூத்தவளின் குடும்பம் அவளுடைய கடை வேலையை நம்பித்தான் நின்றது. அந்த வேலை இருக்கிறதா போகிறதா என்பதை இன்று பத்து மணிக்கு மேனேஜர் சொல்லப் போகிறார். கொழுந்தன், அதாவது இளையவளின் கணவன், சண்டை சூடு பிடிப்பதற்கு முன்பே சட்டைப் பொத்தானை வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிப் போயிருந்தான். “இன்னிக்கு ஸ்டாக் எடுக்கணும்” என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

மூத்தவள் வேலை செய்வது ஒரு பெரிய மளிகைக் கடையில். பதினோரு வருஷமாக ஒரே வேலை. காலாவதி நாள் நெருங்கிய பொருள், அடிபட்ட பொருள், நேற்றைய ரொட்டி, வாடத் தொடங்கிய காய் எல்லாவற்றையும் அடுக்கு அடுக்காகத் தேடி எடுத்து, பாதி விலை என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, சரியாக மூன்று மணிக்கு ஒரு தள்ளுவண்டியில் வைத்துக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நசுங்கிய டின் வந்தால் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். வயிற்றில் நசுங்கியிருந்தால் ஸ்டிக்கர். விளிம்பில் நசுங்கியிருந்தால் குப்பை. பன்னிரண்டு முட்டைப் பெட்டியில் ஒன்று உடைந்திருந்தால் மற்ற பதினொன்றையும் துடைத்து வேறு பெட்டிக்கு மாற்றுவாள். வண்டி அரை மணி நேரம் நின்ற பிறகு மிச்சம் இருந்தால்தான் கடை ஆட்கள் அதில் கை வைக்கலாம். இது கடையின் சட்டம். மூத்தவள் இருபத்தொன்பதாவது நிமிஷத்தில்கூட வைத்ததில்லை.

பொருளை வண்டியில் அள்ளிக் கொட்டிவிட்டுப் போனாலும் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அவளுக்கு அப்படிக் கொட்ட வராது. வண்டியின் நான்கு மூலையிலும் நான்கு சாப்பாடு வைப்பாள். ஒரு மூலையில் நசுங்கிய கொண்டைக்கடலை டின், பழுத்துத் தளர்ந்த தக்காளி கட்டிய ஒரு காகிதப் பை, நேற்றைய ரொட்டி. இன்னொன்றில் முட்டை, வாடின கீரை, காலாவதிக்கு அரை நாளே மிச்சமிருக்கிற வெண்ணெய். யார் வந்தாலும் ஒரு மூலையை அப்படியே அள்ளிக்கொண்டு போனால் அன்றைய சமையல் கையில். யோசிக்க வேண்டாம், தேட வேண்டாம். தெரியாதவர்கள் கேட்டால் வண்டியைப் பிடித்தபடியே சொல்லிக் கொடுப்பாள். “வெங்காயத்தை வதக்குங்க. தக்காளியைக் கையாலேயே நசுக்கிப் போடுங்க. டின்னைத் தண்ணியோட கவுத்துடுங்க. கொதி வந்ததும் இறக்கி, பைக்குள்ள எலுமிச்சம்பழம் இருக்கு பாருங்க, அதைப் பிழிஞ்சுக்கோங்க. அவ்வளவுதான், ஒரே சட்டி.” வழக்கமாக வருகிற பத்துப் பதினைந்து பேர் அவளுக்கு ‘மூலையம்மா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மிச்சம் விழுந்ததை வாங்கிக்கொண்டு வந்து வீட்டிலும் அதையேதான் சமைப்பாள். அதைத்தான் இளையவள் படம் பிடித்தாள். முதலில் சும்மா பிடித்தாள். பிறகு தன் கையில் கரண்டியை வாங்கிப் பிடித்தாள். ‘உள்ளதைச் சொல்லும் அடுப்பு’ என்று பெயர் வைத்து, கடையில் நல்ல பொருளை எப்படிப் பொறுக்குவது, பத்து நிமிஷத்தில் எப்படிச் சமைப்பது என்று வாரம் இரண்டு வீடியோ. மூத்தவள் ஒன்றும் சொல்லவில்லை. சின்னப் பெண், வீட்டில் அடைந்து கிடக்கிறாள், நாலு பேர் பாராட்டினால் முகம் மலர்கிறாள், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன வாரம் வந்த வீடியோதான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. அதில் இளையவள் மூன்று மணி வண்டியைப் பற்றிச் சொன்னாள். நான்கு மூலையைப் பற்றிச் சொன்னாள். கடையின் பெயரைச் சொன்னாள். கடைசியில் ஒரு கண்ணைச் சிமிட்டி, “எங்க அக்கா அங்கதான் வேலை பாக்கறாங்க. நல்லதா பாத்து எனக்குன்னு ஒரு மூலையில ஒதுக்கி வச்சிடுவாங்க. உங்களுக்கு அப்படி ஒரு அக்கா இல்லையா? அப்ப மூணு மணிக்கு ஓடுங்க!” என்றாள்.

ஓடினார்கள். மறுநாள் மூன்று மணிக்கு வண்டியைச் சுற்றி அறுபது எழுபது பேர். கையில் போன். ஒருத்தி மூலையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி மூலையைத் தூக்கிக்கொண்டு போனாள். வண்டி சாய்ந்தது. வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தள்ளுமுள்ளில் விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டார். அதோடு விட்டதா? தலைமை அலுவலகத்துக்குக் கடிதமாகக் குவிந்தது. ‘உங்கள் கடை ஊழியர் நல்ல பொருளை உறவினருக்கு ஒதுக்குகிறாராமே? நாங்கள் என்ன இளிச்சவாயர்களா?’

“எல்லாரும் உங்களைப் புகழ்ந்துதான் அக்கா கமெண்ட் போட்டிருக்காங்க” என்று இளையவள் போனை நீட்டினாள். “நீங்களே பாருங்க. ‘இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வைக்கணும்.’ ‘அக்கா வாழ்க.’”

“கீழ போ. இன்னும் கீழ. அந்த நாய்ப் படம் போட்டவன் என்ன எழுதியிருக்கான்?”

இளையவளின் விரல் திரையில் பாதியில் நின்றது.

“படி. வாய் வலிக்குதா? நான் படிக்கிறேன். ‘திருட்டு அக்கா, திருட்டுத் தங்கச்சி.’ அதுக்குக் கீழ நீ ஒரு சிவப்பு இதயம் போட்டிருக்கே!”

“அது எல்லாத்துக்கும் மொத்தமா போடறது அக்கா. படிச்சுட்டா போடறோம்?”

“படிக்காமலே இதயத்தைக் கொடுப்பியா? நல்ல இதயம்டிம்மா உனக்கு!”

வெங்காயம் முடிந்துவிட்டது. கத்திக்கு வேலை இல்லாமல் போனது மூத்தவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒரு கேரட்டை எடுத்துத் தலையைச் சீவினாள்.

“இதோ பாரு. நான் உன்னை ஒண்ணும் பெரிசா கேக்கல. பத்து மணிக்கு என்னோட வா. மேனேஜர் முன்னாடி உள்ளதைச் சொல்லு. அக்கா எனக்கு எதையும் ஒதுக்கி வைக்கல, நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்னு சொல்லு. அப்புறம் அதையே உன் வீடியோவிலயும் சொல்லு.”

“மேனேஜர்கிட்ட சொல்றேன். சத்தியமா சொல்றேன். வீடியோவில எப்படி அக்கா?” இளையவளின் குரல் இறங்கியது. “என் பேஜுக்குப் பேரே உள்ளதைச் சொல்லும் அடுப்பு. அந்த வாணலி கம்பெனிக்காரங்க இந்த வாரம்தான் விளம்பரத்துக்குப் பேசியிருக்காங்க. ‘உங்ககிட்ட உண்மை இருக்கு மேடம், அதான் உங்களைத் தேடி வந்தோம்’னு சொன்னாங்க. நானே போய் நான் பொய் சொன்னேன்னு சொன்னா, நாளைக்கு நான் உப்பை உப்புன்னு சொன்னாக்கூட எவனும் நம்ப மாட்டான்.”

“அப்ப என்னை மட்டும் நம்பாம போகட்டும்?”

“உங்களை யாரு அக்கா அங்க தெரிஞ்சு வச்சிருக்காங்க?”

கேரட் இரண்டு துண்டாகி ஒரு துண்டு தரையில் உருண்டது. மூத்தவள் குனிந்து எடுக்கவில்லை.

“கிளம்பு” என்றாள்.

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். வேறு இடம் இல்லை. கடை வாசலில் ஒரு பெரியவர் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் கட்டு. மூத்தவளைப் பார்த்ததும் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“இன்னிக்கு வண்டி உண்டாம்மா?”

“தெரியலையே அய்யா. கை எப்படி இருக்கு?”

“கைக்கென்ன, தொங்கிக்கிட்டுதான் இருக்கு. பஸ்ஸா ஓட்டப் போறேன்? முந்தாநாள் வண்டி வரலை, நேத்தும் வரலை. அடுக்குல போய் நானே எதையோ எடுத்து எதையோ போட்டேன். நாய்கூடத் திங்காது. நீ வச்சுக் குடுத்தா யோசிக்க வேண்டாம்.”

“கை வலிக்கும்போது இங்க ஏன் நிக்கறீங்க? உள்ள நாற்காலி போடச் சொல்றேன்.”

“நாற்காலியெல்லாம் வேண்டாம்” என்றார் அவர் வெடுக்கென்று. “முப்பத்திரண்டு வருஷம் உக்காந்தே சம்பாதிச்சாச்சு. இனிமே நிக்கிறேன்.”

படியேறும்போது இளையவள் மெதுவாகக் கேட்டாள்: “யாரு அக்கா அது?”

“உன் ரசிகர்கள் தள்ளிவிட்டவர்.”

மேனேஜரின் அறை மாடியில், குளிர்ப்பெட்டி இயந்திரங்கள் உறுமுகிற சுவருக்குப் பின்னால் இருந்தது. மூத்தவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். எதைச் சொன்னாலும் “ஃபைல்ல ஏறிடும்மா” என்பார். அதனால் கடை ஆட்கள் அவர் இல்லாதபோது ‘ஃபைல்’ என்பார்கள். அவர் இளையவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“மேடம், நீங்களா! உக்காருங்க, உக்காருங்க. என் வொய்ஃப் உங்க பேஜைத்தான் பாப்பா. அந்தக் கொண்டைக்கடலை சூப் வாரத்துல ரெண்டு நாள் எங்க வீட்ல.”

அறையில் இரண்டே நாற்காலி. ஒன்றில் மேனேஜர், ஒன்றில் இளையவள். கடலை சூப்புக்குச் சொந்தக்காரி நின்றுகொண்டிருந்தாள்.

“நேரா விஷயத்துக்கு வரேன்” என்றார் அவர். “வீடியோவில நீங்க சொன்னது. ஒதுக்கி வச்சாங்களா, இல்லையா?”

“இல்ல சார். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“அப்ப பொய்யா?”

“பொய்யின்னு இல்ல சார்... ஒரு சுவைக்கு.”

“சுவைக்கு உப்பைப் போடு” என்றாள் மூத்தவள் பின்னாலிருந்து. “என் பேரைப் போடாதே.”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கோபப்படாதீங்கம்மா. நீங்க அப்படிப்பட்டவங்க இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா தலைமை அலுவலகம் கேமராப் பதிவைப் பாக்கச் சொன்னாங்க. பாத்தேன். அதுலதான் ஒரு சிக்கல்.”

கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். கடைக்குப் பின்னால் இருக்கிற ஸ்டிக்கர் ஒட்டும் அறை. மேலிருந்து எடுத்த படம். மூத்தவளின் உச்சி வகிடும் தோளும் தெரிந்தன. தக்காளியை எண்ணிக் காகிதப் பையில் போடுகிறாள். சுற்றுமுற்றும் ஒரு தரம் பார்க்கிறாள். கை ஏப்ரன் பைக்குள் போகிறது, வருகிறது, காகிதப் பைக்குள் போகிறது. பையைக் கட்டி ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். அடுத்த பை. மறுபடியும் ஒரு பார்வை. மறுபடியும் ஏப்ரன்.

“ஒரு நாள் இல்ல. பாத்த ஒன்பது நாளும் இப்படித்தான். என்னம்மா இது? பைக்குள்ள என்ன போடறீங்க? இல்ல, பையிலேருந்து எடுக்கறீங்களா?”

மூத்தவளின் முகத்தில் இரத்தம் ஏறியது. காதெல்லாம் சுட்டது. இளையவள் நாற்காலியில் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், ‘அப்போ நிஜம்தானா?’ என்ற கேள்வி இருந்தது. மூத்தவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை மறக்கிற ஜாதி இல்லை அவள்.

“எலுமிச்சம்பழம்” என்றாள்.

“என்னது?”

“எலுமிச்சம்பழம் ஒண்ணு, பூண்டு நாலு பல்லு. பஸ் ஸ்டாப் கிழவிகிட்ட வாங்கிக்கிட்டு வருவேன். நாலு மூலைக்கு நாலு பழம்.”

மேனேஜர் திரையை மறுபடி பார்த்தார். “எதுக்கு?”

“எதுக்கா? பூண்டும் எலுமிச்சையும் சட்டுனு கெடாது சார். கெடாத பொருளுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் கிடையாது. ஸ்டிக்கர் இல்லைன்னா மூணு மணி வண்டிக்கு வராது. அது ரெண்டும் இல்லாம நசுங்கின டின்னையும் வாடின கீரையையும் வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க? வாயில வைக்க முடியுமா? உங்க வொய்ஃபைக் கேளுங்க, எலுமிச்சம்பழம் பிழியாம அந்த சூப்பை ஒரு நாள் வைக்கச் சொல்லுங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் உறுமி நின்றது. இளையவளின் கண்கள் நிறைந்துவிட்டன. மேனேஜருடைய கண்களும் அகன்றன, ஆனால் அது வேறு காரணத்துக்காக. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“வெளிப்பொருளா! கடைக்குள்ள, கடை ஸ்டிக்கர் ஒட்டின பைக்குள்ள வெளிப்பொருளா! ஐயோ, அம்மா, இது திருட்டைவிட மோசம்மா. திருட்டுக்காவது முதல் தடவை வார்னிங் இருக்கு. வெளிப்பொருளுக்கு வார்னிங்கே கிடையாது. யாராவது வயித்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்திருந்தா? கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“எலுமிச்சம்பழம் தின்னு எவன் சார் விழுந்தான்? விழுந்தவர் ஒருத்தர்தான், அவரையும் தள்ளிவிட்டாங்க!”

“சட்டம்னு ஒண்ணு—”

“சட்டம்! பதினோரு வருஷத்துல ஒரு மிட்டாய் எடுத்திருக்கேனா? ஒரு கவர் எடுத்திருக்கேனா? எடுத்தாத்தான் வார்னிங், குடுத்தா நேரா வீட்டுக்கா? யார் சார் எழுதினது இந்தச் சட்டத்தை? அவன் வீட்ல அடுப்பு எரியுதா இல்லையா?”

மேனேஜர் எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“கேளுங்க. ரெண்டு பேரும் கேளுங்க. இந்தப் பதிவை என்னைத் தவிர யாரும் பாக்கலை. ஒரு கை போகுது, வருது; அதுல என்ன இருந்ததுன்னு படத்துல தெரியலை. எனக்கும் தெரியாது. பழம், பூண்டு, கிழவி, எதையும் என் காது கேக்கலை. இந்த அறையை விட்டு அது வெளிய போச்சுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது. புரியுதா? மிச்சம் இருக்கறது ஒதுக்கி வச்ச புகார். அது வந்தது மேடம் வாயால. மேடம் வாயாலதான் போகணும். ரெண்டு மணிக்குள்ள ‘நான் சொன்னது உண்மை இல்லை’ன்னு மேடம் ஒரு வீடியோ போட்டா, அதையே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி நான் ஃபைலை மூடிடுவேன். மூணு மணிக்கு நீங்க பழையபடி வண்டியை எடுக்கலாம். நாலு மூலையும் உங்க இஷ்டம். ஏப்ரன் பையில மட்டும் கை வைக்காதீங்க. போடலைன்னா...” அவர் ஒரு தாளை விரலால் நகர்த்திக் காட்டினார். தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, தயாராக இருந்த கடிதம்.

பின்பக்கப் படி வழியாக இறங்கினார்கள். அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கிக் கட்டி வைக்கிற சந்து. கோஸ் இலையும் ஈர அட்டையும் கலந்த நாற்றம். இளையவள் மூக்கை உறிஞ்சினாள், நாற்றத்துக்காக இல்லை.

“அக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. தினமும் பழம் வாங்கிப் போட்டிருக்கீங்க. வீட்ல ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு வீடியோ வந்திருக்கும்.”

“வரட்டுமேக்கா! அதைத்தான் சொல்றேன்.” கண்ணைத் துடைத்த கையாலேயே இளையவள் போனை எடுத்தாள். முகம் ஒளிர்ந்தது. “இந்தக் கதையைச் சொன்னா போதும். இந்தச் சந்துல, இந்த ஏப்ரனோட, நீங்க நில்லுங்க. நான் பேசறேன். பத்து லட்சம் பேர் பாப்பாங்க. அழுதுடுவாங்க. அப்புறம் தலைமை அலுவலகம் உங்களை வேலையை விட்டு எடுத்துடுமா? தைரியம் வருமா? அவங்களே வந்து மாலை போடுவாங்க.”

“போனைக் கீழ இறக்கு.”

“நான் உங்களை நல்லவங்களாக் காட்டறேன்னு சொல்றேன் அக்கா—”

“நான் கேட்டேனா? என்னை நல்லவளாக் காட்டுன்னு உன்கிட்ட வந்து நின்னேனா? மேல அந்த ஆள் என்ன சொன்னான், காதுல விழலையா? பழம் வெளிய போனா என் வேலை போச்சு!”

“அது அவர் பயந்துபோய்ச் சொல்றது. ஜனங்க நம்ம பக்கம் இருந்தா—”

“எந்த ஜனம்? வண்டியைச் சாய்ச்ச ஜனமா? அடுத்த வாரம் வேற எவளாவது வேற எதையாவது கிண்டிக் காட்டுவா, அங்க ஓடுவாங்க. எனக்கு மாசாமாசம் வீட்டுக்குச் சாமான் வாங்கணும். அவர் முட்டிக்கு மருந்து வாங்கணும்.” மூத்தவள் மூச்சு வாங்கினாள். “சரி, வேலை போகாதுன்னே வச்சுக்கோ. மாலையே போடறாங்கன்னு வச்சுக்கோ. வாசல்ல நிக்கிறாரே ஒருத்தர், நாற்காலி போடறேன்னதுக்கே என் மேல எரிஞ்சு விழுந்தாரே, அவர் இந்த வீடியோவைப் பாத்தா என்ன ஆகும்? கடையில மிச்சம் விழுந்ததை வாங்கிச் சமைக்கிறோம்னு நினைச்சுக்கிட்டிருக்கார். ஒருத்தி தன் காசுல வாங்கிப் போட்டிருக்கான்னு தெரிஞ்சா? அப்புறம் அந்த ஆள் இந்த வண்டிப் பக்கம் வருவாரா? அந்த மனுஷன் மூஞ்சியில பிச்சைன்னு எழுதி ஒட்டிட்டு, நீ இதயம் வாங்கப் போறியா?”

இளையவள் போனைப் பார்த்தாள். மூத்தவளைப் பார்க்கவில்லை.

“ஒரே ஒரு வாக்கியம்” என்றாள் மூத்தவள். “அதைத் தவிர எல்லாம் செய்வே. அழுவே, கூட வருவே, மேனேஜர்கிட்ட பூசி மெழுகுவே, என்னைத் தெய்வமாக்கி ஒரு கதை சொல்வே. நான் பொய் சொன்னேன்னு மட்டும் வாயில வராது.”

“வாணலி கம்பெனி—”

“வாணலியைத் தூக்கி அடுப்புல வை! உனக்கு அங்க போறது வாணலி. எனக்கு இங்க போறது பதினோரு வருஷம்.”

“நீங்க என்னைப் பத்தி யோசிக்கவே மாட்டீங்களா அக்கா? எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். வீட்ல உங்க கொழுந்தனுக்கு நான் பேசறதே கேக்காது. அங்க நாலு லட்சம் பேர் கேக்கறாங்க. அவங்ககிட்டப் போய் நான் பொய்க்காரின்னு...”

மூத்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. பொய் இல்லை அது. கொழுந்தன் சாப்பிடும்போதுகூடப் பேச்சுக் கொடுக்காதவன்தான். இந்தப் பெண் வந்த புதிதில் சுவரோடு பேசிக்கொண்டிருந்ததை அவளே கேட்டிருக்கிறாள். தைத்ததோடு கோபமும் கூடியது. இதைச் சொல்ல இவளுக்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது?

“யோசிச்சதாலதான் ஆறு மாசமா அந்த விளக்கை நகர்த்தி நகர்த்தித் தட்டு எடுத்தேன்” என்றாள். “யோசிச்சதாலதான் என் சூப்பை உன் சூப்புன்னு சொன்னப்பவும் சும்மா இருந்தேன். சமையலை எடுத்துக்கோ. மூலையை எடுத்துக்கோ. கரண்டியையும் எடுத்துக்கோ. என் கையைத் திருட்டுக் கைன்னு சொன்னதை மட்டும் திருப்பிக் குடு. மேல படம் ஓடினப்போ நீ என்னைப் பாத்தியே ஒரு பார்வை, நான் கவனிக்கலைன்னு நினைச்சியா? நீயே நம்பினே. உன் வாயால சொன்ன பொய்யை ஒரு நிமிஷம் நீயே நம்பினே!”

இளையவள் உதட்டைக் கடித்தாள். சந்தின் முனையில் சாமான் லாரி ஒன்று பின்பக்கமாக ஊர்ந்து வந்து நின்றது. எங்கோ ஒரு இரும்புக் கதவு சுருண்டு மேலே போகிற சத்தம்.

மூத்தவள் கையை நீட்டினாள். இளையவள் தயங்கிவிட்டுப் போனைக் கொடுத்தாள். பூட்டைக்கூட அவளேதான் திறந்து கொடுத்தாள். ஸ்டிக்கர் உரித்து உரித்துக் காய்த்துப்போன கட்டைவிரலுக்குப் போன் முதலில் மசியவில்லை. இரண்டு தரம் அழுத்தினாள். மூன்றாவது தரத்தில் திரைக்குள் இளையவளின் முகம் வந்தது: கலைந்த மை, சிவந்த மூக்கு, பின்னால் அட்டைப்பெட்டிக் குவியல். வட்ட விளக்கு இல்லாமல் அந்த முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“இப்படியேவா? முகம் கழுவிட்டு வரேனே” என்றாள் இளையவள்.

“இப்படியேதான்.”

மூத்தவள் பதிவுப் பொத்தானை அழுத்தி, இரண்டு கையாலும் போனைப் பிடித்து, ஆடாமல் நிறுத்தினாள்.

“சிவப்பு எரியுதுடி. சொல்லு.”